தோழர் லைவில் இருக்கிறார்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. மார்ச் 31 கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஆடிட்டர்கள், நடுவில் கல்கத்தா வெயில். வங்கியில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது :-)

(கொல்கத்தா என்று எழுதச் சொல்லி ஒரு நண்பர் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார். எனக்கு அது கல்கத்தாதான் சாமி, விட்டுடுங்க.)

டிஸ்கி: இது அரசியல் பதிவு மாதிரி தெரியும். எழுதுகிறவன் வெறும் பி.காம். எந்த இசத்தையும் கரைத்துக் குடித்ததில்லை. யாராவது லட்சியம் பேசினால் பேச்சைக் கேட்டுவிட்டு, அப்புறம் பற்று வரவு எங்கே என்று தேடுகிற தொழில் புத்தி மட்டும் உண்டு.

என் அக்கா பையன் இரண்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறான். சால்ட் லேக் செக்டார் ஃபைவில் ஒரு அமெரிக்க பிராசஸ். மாலை ஆறரைக்கு ஷிஃப்ட் ஆரம்பம், அதிகாலை மூன்றரைக்கு முடிவு. லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர நாலேகால் ஆகும். வந்ததும் தூங்குவானா என்றால் அதுதான் இல்லை. அஞ்சரைக்கு எழுந்து டிகாக்‌ஷன் இறக்கப் போனால், ஹாலில் மல்லாக்கப் படுத்து போனைப் பிடித்துக்கொண்டிருப்பான். திரையில் ஒரு ஆஜானுபாகு ஆள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருப்பார்.

"யாருடா இது, காலங்கார்த்தால?"

"ஹாசன், மாமா."

"கமலுக்கு என்ன முறை?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாசன் பைக்கர் என்பது முழுப் பெயர். 1991ல் நியூஜெர்சியில் பிறந்து, துருக்கியில் வளர்ந்து, கல்லூரிக்குத் திரும்ப அமெரிக்கா வந்தவர். 'யங் டர்க்ஸ்' நிகழ்ச்சி நடத்தும் ஜெங்க் உய்குர் அவருக்குத் தாய்மாமா. (ஆக, மாமா வீட்டில் தொழில் பழகுவது உலக வழக்கம்.) லாஸ் ஏஞ்சலஸில் அவர் காலை பதினொரு மணி வாக்கில் உட்கார்ந்தால் நமக்கு நடுநிசி. ஏழெட்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். ஷிஃப்ட் முடிந்து வருகிற நம்ம பையனுக்குக் கடைசிப் பாதி கிடைக்கும்.

ட்விட்ச் தெரியாதவர்களுக்கு நாலு வரி. 2011ல் ஆரம்பித்தது. வீடியோ கேம் ஆடுவதை நேரலையில் காட்டுகிற தளம். 2014ல் அமேசான் சுமார் 97 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த இடத்தில் போய் ஒருத்தர் கேமும் ஆடாமல் செய்தி பார்க்கிறார், பிறத்தியார் வீடியோவை ஓடவிட்டுத் திட்டுகிறார், நடுவில் சாப்பிடுகிறார், வாடகை ஏன் ஏறுகிறது என்று விளக்குகிறார். பக்கத்தில் ஒரு பட்டையில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதுவது அருவி மாதிரி கொட்டும். முதலில் எனக்கு இது என்ன கூத்து என்றுதான் இருந்தது. நாலு நாள் காபி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் பிடிபட்டுவிட்டது. இது நம்ம வங்காளத்து 'அட்டா'. டீக்கடை பெஞ்ச், ஒருத்தர் பேச பத்துப் பேர் குறுக்கே விழுவது, மணிக்கணக்கு, முடிவே கிடையாது. ஒரு வித்தியாசம், இங்கே பெஞ்சுக்கு மீட்டர் போட்டிருக்கிறார்கள்.

மீட்டர் எப்படி ஓடுகிறது என்று பார்த்தேன். (கை சும்மா இருக்குமா?) மாதச் சந்தா பல வருஷம் 4.99 டாலர். அமெரிக்காவில் 2024ல் 5.99 ஆக்கினார்கள். சாதாரண ஆளுக்கு அதில் பாதி, தளத்துக்குப் பாதி. பெரிய ஆட்களுக்கு 70-30 என்று தனி ஒப்பந்தங்கள் இருந்தன. சந்தா போக 'பிட்ஸ்' என்று ஒரு உண்டியல், அப்புறம் விளம்பரம். முதலாளித்துவத்தை ஒழிக்க நூறு ரூபாய் போட்டால் ஐம்பது ரூபாய் அமேசானுக்குப் போகிறது என்று கிண்டல் பண்ணுவது சுலபம். நான் பண்ண மாட்டேன். எங்கள் சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்குக் கொடுப்பதே நிர்வாகம்தான். யார் வீட்டுக் குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது என்பதல்ல என் கேள்வி. சங்கச் சந்தாவுக்கு வருஷத்தில் ஒரு நாள் வரவு செலவு வைக்க வேண்டும், பொதுக்குழுவில் எவனாவது எழுந்து "அந்த 4,200 ரூபாய் டீச் செலவு என்னய்யா?" என்று கேட்பான். இங்கே அந்த நாள் வருவதில்லை.

வந்தது ஒரே ஒருமுறை, அதுவும் திருட்டு வழியாக. 2021 அக்டோபரில் ட்விட்ச் கணக்குகள் கசிந்தன. 2019 ஆகஸ்ட் முதல் அதுவரைக்கும் யாருக்கு எவ்வளவு பட்டுவாடா என்ற பட்டியல். ஹாசன் பெயருக்கு நேரே சுமார் 28 லட்சம் டாலர். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவர் மேற்கு ஹாலிவுட் பக்கம் 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வீடு வாங்கிய செய்தி வந்திருந்தது. அவ்வளவுதான், கும்மி ஆரம்பம். வலதுசாரிகள் சிரித்தது இருக்கட்டும், இடதுசாரிகளே இரண்டாகப் பிரிந்து வாரக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். சோஷலிஸ்ட் மாடி வீட்டில் இருக்கலாமா? சோஷலிசம் என்றால் சன்னியாசமா? பக்தர்கள் உடனே ஏங்கல்ஸை இழுத்து வந்தார்கள்.

ஏங்கல்ஸ் கதை உண்மைதான். மான்செஸ்டரில் அப்பா பங்கு வைத்திருந்த பஞ்சாலைக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கூட்டாளி ஆனவர். நரி வேட்டைக்குக் குதிரையேறிப் போனவர். அந்த வருமானத்தில்தான் மார்க்ஸ் வீட்டில் அடுப்பெரிந்தது. ஆனால் ஒரு வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை. ஏங்கல்ஸ் பஞ்சு விற்றுச் சம்பாதித்தார், புரட்சி எழுதியது அவருக்குச் செலவுக் கணக்கு. நம்ம காலத்து ஆட்களுக்கு அது வரவுக் கணக்கு. வீடு வாங்கியது தப்பே இல்லை என்பது என் கட்சி. (நானும் 20 வருஷ வீட்டுக் கடன் கட்டுகிறவன்.) ஆனால் வீட்டைப் பற்றிய சண்டையிலும் மீட்டர் ஓடியது. அவரைத் திட்டியவருக்கும் ஓடியது, அவரைத் திட்டியவரைத் திட்டியவருக்கும் ஓடியது. முதல் போட்டது யார் என்றால், என் அக்கா பையன் மாதிரி ஆட்கள்.

*

வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

2016-17 வாக்கில் யூட்யூபில் வலதுசாரிகள் கோலோச்சிய காலத்தில், எதிர்த்து ஒரு கூட்டம் கிளம்பியது. க்ரபோட்கின் 1892ல் எழுதிய ரொட்டி பற்றிய புத்தகத்தின் தலைப்பை வைத்து அதற்கு 'பிரெட்டியூப்' என்று பெயர் விழுந்தது. தத்துவ முனைவர் படிப்பைப் பாதியில் விட்டு வந்த நேட்டலி வின் என்பவர் 'கான்ட்ராபாயிண்ட்ஸ்' என்று வேஷம் கட்டி, விளக்குப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலே வாதம் வைப்பார். எச்பாம்பர்கை என்ற ஆங்கிலேயர் 2019 ஜனவரியில் ஒரு பழைய டாங்க்கி காங் கேமை 57 மணி நேரம் நேரலையில் ஆடி, திருநர் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்துக்கு 3,40,000 டாலருக்கு மேல் திரட்டினார். 2020 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாஸியோ-கோர்டெஸ், ஹாசன் மற்றும் சிலரோடு 'அமாங் அஸ்' ஆடிக்கொண்டே "ஓட்டுப் போடுங்கள்" என்றார். ஒரு கட்டத்தில் 4 லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025ல் நியூயார்க் மேயர் தேர்தலில் ஜொஹ்ரான் மம்தானி (மீரா நாயர் மகன்தான்) ஹாசன் நிகழ்ச்சியில் வந்து உட்கார்ந்து பேசினார், நவம்பரில் ஜெயித்தும் விட்டார். நம்ம பையன் அன்றைக்கு ஏதோ இவன் தெருவில் தேர்தல் நடந்த மாதிரி தங்கமணியிடம் ஸ்வீட் கேட்டான். ஜெயித்தது நேரலையால் மட்டுமா என்றால் இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். ஆனாலும் சேர்த்துக்கொள்ள வேண்டிய தொகை அது.

இன்னொன்று. உபரி மதிப்பு என்றால் என்ன என்று இந்தப் பையனுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லவில்லை, வேலைக்கு வந்தபின் எந்தச் சங்கமும் சொல்லவில்லை. எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது என்பதையே கேம் ஆடுகிற ஒரு ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். இதற்கு ஹாசனைக் குறை சொல்லி என்ன பயன்? ஆளில்லாத கடையில் அவர் டீ ஆற்றவில்லை. ஆள் நிறைய இருந்தார்கள், கடைதான் இல்லை.

*

இப்ப சண்டைகள். இதுதான் அந்தக் கூட்டத்தின் முக்கிய உற்பத்திப் பொருள் :-)

நம்ம பையன் போனில் அடிக்கடி கண்ணில் பட்ட வசவு 'டாங்கி'. டாங்க் வண்டியிலிருந்து வந்த சொல். 1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் புகுந்தபோது, பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் அதை ஆதரித்து நின்றவர்களுக்கு மற்ற இடதுசாரிகள் வைத்த பட்டப்பெயர். 1968 பிராகிலும் அதே கதை, அதே பெயர். இன்றைக்குச் சீனாவையோ ரஷ்யாவையோ அமெரிக்காவுக்கு எதிராக நிற்கிறது என்பதற்காகவே ஆதரிக்கிறவரை இணையத்தில் அப்படித் திட்டுகிறார்கள். திட்டு வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைப் பட்டமாகவே சூடிக்கொண்டுவிட்டார்கள். இது போதாதென்று 2022ல் 'மாகா கம்யூனிசம்' என்று ஒரு சரக்கு வந்தது. டிரம்ப் ஆதரவாளர்கள்தான் நிஜத் தொழிலாளி வர்க்கம் என்று சொன்ன கோஷ்டி. அவர்களே 2024ல் தனிக் கட்சியும் கண்டார்கள். 1919லிருந்து ஒரு கம்யூனிஸ்ட் கட்சி அமெரிக்காவில் இருக்கும்போதே!

1956 கதையில் எனக்கு மறக்க முடியாத ஆள் பீட்டர் ஃப்ரையர். கட்சிப் பத்திரிகையான 'டெய்லி ஒர்க்கர்' நிருபர். புடாபெஸ்டுக்கு அனுப்பினார்கள். கண்ணால் பார்த்ததை எழுதி அனுப்பினார், பத்திரிகை அமுக்கிவிட்டது. வேலையை விட்டார், புத்தகமாக எழுதினார், கட்சி நீக்கியது. சம்பளம், தோழர்கள், வாழ்ந்த வாழ்க்கை எல்லாம் போச்சு. ஒரு கருத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

நான் இருக்கிற ஊரிலும் அந்த விலை தெரிந்தவர்கள் உண்டு. 1964 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள். அக்டோபர் கடைசியில் இதே தெற்குக் கல்கத்தாவின் தியாகராஜா ஹாலில் கூடி மார்க்சிஸ்ட் கட்சியாக ஆனார்கள். நம்ம ஊர் பி. ராமமூர்த்தியும் சங்கரய்யாவும் அந்த 32 பேரில் இருந்தவர்கள். அவர்களில் கடைசியாக இருந்த அச்சுதானந்தன் 2025 ஜூலையில் போனார். அந்தச் சண்டையும் ரஷ்யா, சீனா, காங்கிரஸோடு சேர்வதா கூடாதா என்பதுதான். கேட்டால் இன்றைய டிஸ்கார்ட் சண்டை மாதிரியே இருக்கும். ஆனால் சண்டை போட்டவர்களில் பலர் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள், மறுபடி போனவர்கள். ஓட்டெடுப்பு, தீர்மானம், அறிக்கை என்று ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டியிருந்தது. தப்பான முடிவாக இருந்தாலும் மறுநாள் அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய் யாரிடமாவது முகம் காட்டியாக வேண்டும்.

அமெரிக்காவில் இந்த அளவுக்குக் கிட்டே வந்த ஒரு விவாதம் 2020 டிசம்பரில் நடந்தது. ஜிம்மி டோர் என்ற யூட்யூப் ஆள் கிளப்பியது. நான்சி பெலோசி மறுபடி சபாநாயகர் ஆக வேண்டும், டெமாக்ரட்களின் பெரும்பான்மையோ நூலிழை. இடதுசாரி உறுப்பினர்கள் "எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு மசோதாவை ஓட்டுக்கு விடு, இல்லாவிட்டால் உனக்கு ஓட்டில்லை" என்று மிரட்டலாமே என்றார். நடக்காது, தோற்கிற ஓட்டால் என்ன லாபம் என்றார்கள் சாம் சீடர் போன்றவர்கள். இது அர்த்தமுள்ள சண்டை என்பேன். நெம்புகோல் இருக்கும்போது அழுத்துவதா, சேமித்து வைப்பதா என்பது எந்தச் சங்கத்துக்காரனுக்கும் தெரிந்த தலைவலி. 2021 ஜனவரி 3ந் தேதி பெலோசி 216-209 என்று ஜெயித்தார், மசோதா ஓட்டுக்கு வரவில்லை. எங்கள் சங்கமாக இருந்தால் அன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் போட்டு, யார் சொன்னது நடந்தது என்று பதிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். அங்கே அந்தக் கேள்வி செத்த பிறகும் மாதக்கணக்கில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. கூட்டம் வந்தது, அதனால் வைத்தார்கள்.

உருப்படியாக நடந்ததும் உண்டு. 2021 அக்டோபரில் கெல்லாக்ஸ் (நம்ம கார்ன்ஃப்ளேக்ஸ்தான்) ஆலைகளில் சுமார் 1,400 பேர் ஸ்ட்ரைக். டிசம்பரில் நிர்வாகம் நிரந்தரமாக மாற்று ஆள் எடுப்போம் என்றது. ரெடிட்டில் 'ஆன்ட்டிவொர்க்' என்ற குழுவினர் அந்த விண்ணப்பப் பக்கத்தில் பொய் விண்ணப்பங்களாகக் கொட்டினார்கள். அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே குழு, ஒரே மாதம் கழித்து, 17 லட்சம் உறுப்பினர்கள் இருக்கும்போது, நிர்வாகிகளில் ஒருவர் ஃபாக்ஸ் நியூஸில் போய்ப் பேட்டி கொடுத்துச் சொதப்பியதில் உடைந்தது. யாரைக் கேட்டுப் போனாய் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். கேட்பதற்கு விதி எதுவும் இல்லை, ஏனென்றால் யாரும் யாரையும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. குழுவைப் பூட்டினார்கள், லட்சக்கணக்கில் ஆட்கள் அடுத்த கடைக்கு நடந்தார்கள். 1,400 பேர் இரண்டரை மாசம் சம்பளமில்லாமல் வாசலில் நின்றது கட்டுக்கோப்பு. 17 லட்சம் பேர் இருந்த குழு ஒரு பேட்டியில் உடைந்ததற்கு என்ன பெயர் வைப்பது?

*

இந்தக் கணக்கெல்லாம் நான் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் வேறு. நம்ம பையன் ஒரு நாள் கூடத்தில் போனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து நாள் அப்படித்தான். சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவான். காதல் தோல்வி என்று தங்கமணி முடிவே கட்டிவிட்டாள்.

விஷயம் என்னவென்றால், ஹாசன் தவிர இன்னொரு சின்ன ஸ்ட்ரீமர் உண்டு. அவருடைய டிஸ்கார்ட் குழுவில் இவன் எட்டு மாசமாக மாடரேட்டர். கண்டபடி பேசுகிறவர்களை நீக்குவது, புதியவர்களுக்கு வழி சொல்வது, படிப்பு வட்டம் நடத்துவது. சனி ஞாயிறு முழுக்க அதில்தான். சம்பளம்? ஒன்றும் கிடையாது. போதாக்குறைக்கு இவன் கார்டிலிருந்து அந்த ஆளுக்கும் ஹாசனுக்கும் சேர்த்து மாதம் எண்ணூறு ரூபாய்க்கு மேல் சந்தா. இவன் வாங்குவது கைக்கு இருபத்து நாலாயிரம். உபரி மதிப்பு பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் எனக்குத் தெரியவில்லை. (அவனிடம் அப்போது சொல்லவில்லை. வெந்த புண்.)

ஒருநாள் குழுவில் சீனா சோஷலிச நாடா இல்லையா என்று வழக்கமான சண்டை. இவன் ஒரு கேள்வி போட்டிருக்கிறான். 2018ல் ஷென்ஜென் நகரத்தில் ஜாசிக் என்ற வெல்டிங் இயந்திரக் கம்பெனித் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள். வேலையை விட்டுத் தூக்கினார்கள், பிடித்தும் போனார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பீக்கிங் பல்கலைக்கழகத்திலிருந்தெல்லாம் மாணவர்கள் போனார்கள். மார்க்ஸ் படித்த, மார்க்ஸை நம்பிய மாணவர்கள். ஆகஸ்டில் போலீஸ் புகுந்து சுமார் ஐம்பது பேரைக் கொண்டுபோனது. "தொழிலாளி சங்கம் வைக்கக் கேட்டதற்கு மார்க்சியம் படித்த பிள்ளையைப் பிடித்துப் போகிற இடத்தை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரியவில்லை, சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறான். இருபது நிமிஷத்தில் சி.ஐ.ஏ. கைக்கூலி. நாற்பது நிமிஷத்தில் நீக்கம். எட்டு மாசம் தினமும் பேசிய ஆட்கள் ஒருத்தரையும் மறுபடி தொடர்புகொள்ள வழியில்லை, எல்லாரும் புனைபெயர்கள்.

"ஒரு வார்த்தை விளக்கம் கேக்கல மாமா," என்றான். அதுதான் அவனுக்கு ஆறவில்லை.

எங்கள் வங்கியில் பணத்தைக் கையாடியதாகச் சொல்லப்படும் ஆளுக்குக்கூடக் குற்றப் பத்திரிகை தருவோம், பதில் சொல்ல நாள் தருவோம், விசாரணை அதிகாரி முன்னால் தனக்காகப் பேச ஒரு சங்க ஆளைக் கூட்டி வரலாம். இந்த உரிமைகளை எழுதி வாங்கியவர்கள் யாரோ சிவப்புக்கொடிக் கிழவர்கள்தான். அவர்கள் பெயரைச் சொல்லிக் கட்டிய வீட்டில் அந்த உரிமை இல்லை என்பதை நான் அவனிடம் சொன்னேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் 2021 டிசம்பர் 16, 17 ஸ்ட்ரைக் கதையையும் சொன்னேன். பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்குக் கொடுக்க வழிசெய்யும் மசோதா வருகிறது என்று ஒன்பது சங்கங்கள் சேர்ந்து அழைத்தது. ஒன்பதும் ஒரே நிறமா? சி.பி.ஐ. பக்கம் ஒன்று, 1982ல் அதிலிருந்து பிரிந்து மார்க்சிஸ்ட் பக்கம் ஒன்று, காங்கிரஸ் சாயல், ஆர்.எஸ்.எஸ். வழி வந்த பி.எம்.எஸ். சாயல்கூட உண்டு. எங்கள் கிளையில் தலைமைக் காசாளர் தாதா (வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம், நம்மூர் தாதா இல்லை) மார்க்சிஸ்ட். கடன் பிரிவு ஆள் பி.எம்.எஸ். இரண்டு பேரும் முந்தின நாள் டீ இடைவேளையில் நந்திகிராமில் ஆரம்பித்து அயோத்தி வரைக்கும் போய் வந்தார்கள், குரல் கவுண்டர் வரை கேட்டது. அஞ்சரைக்கு ஒரே நோட்டீஸில் கையெழுத்து. புதுசாக வீட்டுக் கடன் வாங்கிய ஒரு பையன் மட்டும் இரண்டு நாள் சம்பளம் போகுமே என்று தயங்கினான். தாதா அவனைத் துரோகி என்று சொல்லவில்லை. கூட உட்கார்ந்து, பிடித்தம் எவ்வளவு வரும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினார். மறுநாள் அவனும் வாசலில் நின்றான். அந்தக் கூட்டத்தொடரில் மசோதா தாக்கலாகவில்லை. எங்களால்தான் என்று மார்தட்ட மாட்டேன், காரணம் பலதும் இருக்கும். எனக்குப் போன இரண்டு நாள் சம்பளம் மட்டும் நிச்சயம்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வரலைன்னா எப்படி மாமா சேர்ந்து நின்னீங்க?"

"மறுநாள் அதே கவுண்டர்ல பக்கத்துப் பக்கத்துல உட்காரணுமேடா. பிளாக் பண்ண முடியாதே."

*

அவன் ஆபீஸில் ஒரு சமாச்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாலை ஷிஃப்ட் முடிந்து வீட்டில் விடும் வண்டியை ஆண்களுக்கு நிறுத்திவிட்டார்கள். மூன்றரை மணிக்கு பைக் டாக்ஸி பிடித்தால் இருநூற்றைம்பது ரூபாய், மழை என்றால் முந்நூற்றைம்பது. மாசத்துக்குப் போட்டுப் பாருங்கள். பராசத் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பையன் விடிகிற வரை கேண்டீனில் தூங்கிவிட்டு முதல் பஸ்ஸில் போகிறானாம். வெனிசுவேலா பற்றி நாலு மணி நேரம் பேசத் தெரிந்த என் மருமகன், அந்தப் பையன் பெயரைத் தெரிந்துகொண்டதே போன மாசம்தான்.

மொத்தம் எட்டுப் பேர் சேர்ந்து மனு எழுதினார்கள். முதல் வரைவில் 'நவதாராளவாதம்' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. நான் சிவப்பு மையில் அடித்தேன். அதற்குப் பதிலாக, ஆளுக்கு எத்தனை கிலோமீட்டர், எந்தத் தேதியிலிருந்து வண்டி இல்லை, கைக்காசு எவ்வளவு போனது என்று ஒரு அட்டவணை போடச் சொன்னேன். ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எட்டாவது ஆளுக்கு இன்னும் வேலை உறுதியாகவில்லை, பயம். அவனைத் திட்டக்கூடாது என்று இவனே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறான்.

போன வெள்ளிக்கிழமை பதில் வந்தது. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரி. (இந்த வரியை நானே எத்தனை வாடிக்கையாளருக்கு எழுதியிருப்பேன்!)

அடுத்து என்ன செய்வது என்று பேச ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் கூடுகிறார்கள். எட்டாவது பையனும் வருகிறானாம். மினிட்ஸ் எழுதுவது எப்படி என்று கேட்டான், பழைய நீள நோட்டு ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஹாசனை விட்டுவிட்டானா என்று கேட்பீர்கள். இல்லை, காலையில் அதே சோபா, அதே கத்தல்தான். சந்தா மட்டும் ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

டிபனுக்குத் தங்கமணி உப்புமா என்று அறிவித்திருக்கிறாள். கிச்சடியாக மாற்றக் கோரி நானும் மனு கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் உள்ளது.